ஒரே பென் டிரைவில் மூன்று பார்ட்டிஷன் டேபிள்: பூட் ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதைப் படிக்கக் கற்றது

லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்றை, அதாவது ஒரு சிடி முழுவதும் ஒற்றை ஃபைலாக இருக்கும் இமேஜை, பென் டிரைவில் எழுதிவிட்டு, டிஸ்க்கை எப்படிப் பகுதி பகுதியாகப் (பார்ட்டிஷன்) பிரித்திருக்கிறது என்று காட்டும் ஒரு பார்ட்டிஷன் கருவியில் அதையே திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு கருவி, பார்ட்டிஷன் பூஜ்யத்திலேயே தொடங்குகிறது என்று காட்டும். இன்னொன்று, முதல் பார்ட்டிஷனுக்கு உள்ளேயே இரண்டாவது கிடக்கிறது என்று புகார் சொல்லும். மூன்றாவது, ஜிபிடி என்ற புதிய வகை பார்ட்டிஷன் டேபிளின் (பகுதிகளின் பட்டியல்) பேக்கப் டிஸ்க்கின் கடைசியில் இல்லை, சரிசெய்யவா என்று கேட்கும். விண்டோஸில் சொருகினால் ஃபார்மட் பண்ணச் சொல்லும். இத்தனைக்கும் நடுவில் அதே பென் டிரைவை மெஷினில் போட்டால் ஒரு சிக்கலும் இல்லாமல் பூட் ஆகும்.

திருமங்கலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் போட்டு மறுபடி ஓட வைப்பது எனக்குப் பிடித்த வேலை, அதனால் மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஐஎஸ்ஓவோடுதான் இருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சிடியிலும் பென் டிரைவிலும் பூட் ஆகும் இந்த மாதிரி ஹைப்ரிட் இமேஜில் ஒரே இடத்தின் மேல் பல டேபிள்களை எழுதி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளுக்காக. கருவி என்ன புகார் சொன்னாலும், அது எந்த டேபிளைப் படித்துவிட்டுச் சொல்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நம்ம ஊரில் நிலம் வாங்கினவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே நிலத்துக்கு தாலுகா ஆபீஸில் பட்டா, பத்திரப்பதிவு ஆபீஸில் பத்திரம். அந்த ஆபீஸ் இந்த ஆபீஸின் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்காது, அளவிலே பெயரிலே வித்தியாசம் இருந்தாலும் நிலம் பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். மெஷினை ஆன் செய்ததும் பூட் வேலையைத் தொடங்கி வைக்கும் மென்பொருள் பழைய மெஷினில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. பென் டிரைவில் பயாஸ் பார்க்கும் ஏடு ஒன்று, யூஇஎஃப்ஐ பார்க்கும் ஏடு இன்னொன்று.

இதற்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சிடிக்காக வந்த ஐஎஸ்ஓ 9660 வடிவம் 2048 பைட் செக்டார் (டிஸ்க்கை எண்ணும் துண்டு) கணக்கில் நடக்கிறது. முதல் 16 செக்டாரை, அதாவது 32,768 பைட்டை, அது தொடுவதே இல்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 16ஆவது செக்டாரில்தான் தன்னைப் பற்றிய குறிப்பை வைக்கிறது, 17ஆவதில் எல் டொரிட்டோ பூட் குறிப்பு. எல் டொரிட்டோ என்பது ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் கொண்டுவந்த முறை, சிடியிலிருந்து பூட் செய்வதற்காக. ஆனால் அதே இமேஜை பென் டிரைவில் எழுதிச் சொருகினால் பயாஸ் எல் டொரிட்டோவைத் தேடாது. இது ஹார்ட் டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு முதல் 512 பைட்டை எடுத்து ஓட்டப் பார்க்கும். அந்த இடம்தான் ஐஎஸ்ஓ தொடாமல் விட்ட இடம். சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடரை எழுதிய எச். பீட்டர் ஆன்வின், ஐசோஹைப்ரிட் என்ற கருவியில் இந்தக் காலி இடத்தைத்தான் பயன்படுத்தினார். இன்று பல டிஸ்ட்ரோக்கள் (டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகைகள்) இமேஜ் தயாரிக்கப் பயன்படுத்தும் எக்ஸோரிசோ, தாமஸ் ஷ்மிட் எழுதியது, இதே வேலையை இன்னும் விரிவாகச் செய்கிறது.

அந்த 32 கேபிக்குள் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது? முதல் 512 பைட் எம்பிஆர், பயாஸ் படிக்கும் பழைய வகை டேபிள் இருக்கும் இடம். அதில் 446 பைட் பூட் கோடு, அப்புறம் 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன் வரி, கடைசி இரண்டு பைட், ஹெக்ஸில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) 55 ஏஏ என்ற முத்திரை. அதற்கு அடுத்த செக்டாரில், 512ஆவது பைட்டிலிருந்து, ஜிபிடியின் தலைப்பு. சில இமேஜ்களில் இதற்கும் மேல் பழைய ஆப்பிள் மெஷின்களுக்கான ஆப்பிள் பார்ட்டிஷன் மேப்பும் உண்டு. அதன் அடையாளம் எம்பிஆரின் முதல் இரண்டு பைட்டிலேயே இருக்க வேண்டும், ஆங்கில எழுத்து ஈ, ஆர். ஆனால் பயாஸ் அதே பைட்டுகளை மெஷின் கோடாக ஓட்டுமே? ஓட்டும். அந்த இரண்டு எழுத்தும், ஹெக்ஸில் 45, 52, ஓடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாத கட்டளைகளாக அமைந்துவிடுகின்றன. எம்பிஆர், ஜிபிடி, ஆப்பிள் மேப் மூன்றையும் ஒரே இமேஜில் சேர்த்து வைக்கும் வேலையை 2012இல் ஃபெடோரா 17க்காக மேத்யூ காரெட் செய்தார். ஹெக்ஸ் எடிட்டரில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது, இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு யோசனையா என்று வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் என்னோடு வேலை பார்க்கிற பையன் ஒருநாள், "அண்ணே, பென் டிரைவ் போச்சுண்ணே, பிளாக் சைஸ் 2048ன்னு டிரைவர் சொல்லுது, லினக்ஸ் 512ங்குதுன்னு எரர் வருது" என்று வந்து நின்றான். பார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி காட்டும் செய்திதான் அது. "போகலடா, அந்த 2048 எங்க எழுதியிருக்குன்னு காட்டுறேன், வா" என்று முதல் நான்கு பைட்டைத் திறந்தேன். 45, 52, அடுத்து 08, 00. ஹெக்ஸில் 0800 என்றால் 2048. ஆப்பிள் மேப்பைப் படித்த பார்ட்டெட், அதில் எழுதியிருந்த பிளாக் அளவை அப்படியே சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பென் டிரைவில் எந்தக் குறையும் கிடையாது. அந்தச் செய்தி வந்ததும் புது பென் டிரைவ் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

சரி, ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும் பார்ட்டிஷன் விஷயம். எம்பிஆர் வகை இமேஜை எஃப்டிஸ்க் என்ற லினக்ஸ் கருவியில் பட்டியல் போட்டுப் பாருங்கள், பென் டிரைவில் எழுத வேண்டியதுகூட இல்லை, ஐஎஸ்ஓ ஃபைலையே கொடுக்கலாம். டெபியன் இமேஜ்களில் நான் பார்த்தது: முதல் பார்ட்டிஷன் பூஜ்யத்திலிருந்து இமேஜின் கடைசி வரை, வகை எண் 0, அதாவது காலி என்று பெயர், ஆனால் பூட் அடையாளம் அதன் மேல்தான். இரண்டாவது சில எம்பி அளவில், வகை இஎஃப், முதலாவதின் வயிற்றுக்குள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இப்படி இருந்தால் டேபிள் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். இங்கே வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். முதல் வரி மொத்த ஐஎஸ்ஓவையும் குறிக்கிறது, அதன் பூட் அடையாளம் பயாஸுக்காக. இரண்டாவது வரி அந்த ஐஎஸ்ஓவுக்குள்ளே ஒரு ஃபைலாகவே இருக்கும் ஃபேட் (விண்டோஸும் படிக்கும் எளிய ஃபைல் அமைப்பு) இமேஜைக் குறிக்கிறது, அது யூஇஎஃப்ஐக்காக. யூஇஎஃப்ஐ அந்த ஃபேட்டைத் திறந்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைலைத் தேடி ஓட்டும். இதே ஃபேட் இமேஜை எல் டொரிட்டோவும் காட்டுகிறது, சிடியில் எழுதினால் யூஇஎஃப்ஐ அந்த வழியாக வரட்டும் என்று. ஃபைல் ஒன்று, அதற்குப் போகும் வழி பல.

உபுண்டுவில் 20.10 முதல் வேறு மாதிரி. அங்கே ஜிபிடிதான் முக்கியம், யூஇஎஃப்ஐக்கான ஃபேட் பார்ட்டிஷன் ஐஎஸ்ஓ பகுதிக்கு வெளியே, அது முடிந்த பிறகு தனியாக ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் பார்ட்டிஷன் 64ஆவது செக்டாரில் தொடங்கும். ஏன் 64? பென் டிரைவ் கணக்கில் ஒரு செக்டார் 512 பைட். 64ஐ 512ஆல் பெருக்கினால் 32,768. ஐஎஸ்ஓ தொடாமல் விட்ட அதே 32 கேபி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் மொத்த அமைப்பும் எனக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு எந்த இமேஜைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது முதல் பார்ட்டிஷன் பூஜ்யத்தில் தொடங்குகிறதா 64இலா என்பதைத்தான்.

உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த அறிவு நேரடியாகக் கைகொடுத்தது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தார்கள், பல ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்டவை, அதனால் எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. கோர் 2 டுவோ காலத்து பயாஸ் மெஷின்கள் பாதி, யூஇஎஃப்ஐ மட்டுமே தெரிந்த புதிய குட்டி மெஷின்கள் பாதி. கம்ப்யூட்டர் டீச்சர் பொறுமையானவர். "தம்பி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்" என்றார். நியாயமான பேச்சு. ஒரே பென் டிரைவ் வைத்து எல்லாவற்றையும் முடிக்கலாம் என்று தொடங்கினோம்.

யூஇஎஃப்ஐ மெஷின்கள் உடனே எழுந்தன. பயாஸ் மெஷின்களிலும் பெரும்பாலானவை எழுந்தன. ஒரே ரகத்து டெஸ்க்டாப்கள் சில மட்டும், பூட் மெனுவில் பென் டிரைவ் பெயரைக் காட்டிவிட்டு, தேர்ந்தெடுத்தால் திரும்ப மெனுவுக்கே வந்தன. டீச்சர் மெஷின் பழுதா என்று கேட்டார். நான் வேறொரு டிஸ்ட்ரோவின் பென் டிரைவைச் சொருகினேன், பூட் ஆயிற்று. அப்படியென்றால் மெஷினில் குறையில்லை, போர்ட்டிலும் இல்லை. லேப்டாப்பில் இரண்டு பென் டிரைவின் எம்பிஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பூட் ஆனதில் ஒரு வரியின் முதல் பைட் 80, அதுதான் ஆக்டிவ் என்பதற்கான அடையாளம். ஆகாததில் ஜிபிடியைக் காக்கும் இஇ வகை வரி மட்டும், ஆக்டிவ் அடையாளம் எதிலும் இல்லை. சில பழைய பயாஸ்கள் ஏதாவது ஒரு வரியில் அந்த 80 இருந்தால்தான் இதை பூட் டிஸ்க் என்று ஒத்துக்கொள்ளும், 55 ஏஏ மட்டும் போதாது.

அந்த 80ஐ இஇ வரியிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். எஃப்டிஸ்க்கில் ஜிபிடி டிஸ்க்கைத் திறந்து பெரிய எம் அழுத்தினால் பாதுகாப்பு எம்பிஆருக்குள் போகலாம், அங்கே ஆக்டிவ் மாற்றவும் முடியும். ஆனால் யூஇஎஃப்ஐ விதிப்படி அந்த வரியில் ஆக்டிவ் அடையாளம் இருக்கக் கூடாது, அதைப் பார்த்துவிட்டு ஜிபிடியையே ஏற்காத மெஷின்கள் உண்டு. பயாஸைச் சமாதானப்படுத்தப் போய் யூஇஎஃப்ஐயைப் பகைத்துக்கொள்வதாகிவிடும். அதனால்தான் எக்ஸோரிசோவில் பூட்டபிள் ஆக்கச் சொல்லும் ஒரு ஆப்ஷன், தேவைப்பட்டால் வகை 0 உள்ள ஒரு சின்ன வரியை உண்டாக்கி அதன் மேல் 80ஐ வைக்கிறது. யூஇஎஃப்ஐ வகை 0ஐக் கண்டுகொள்ளாது, பயாஸுக்குத் தேவையானது கிடைத்துவிடும். பள்ளியில் நான் அந்த மெஷின்களுக்கு எம்பிஆர் வகை இமேஜையே பயன்படுத்தினேன், பிள்ளைகள் காத்திருக்கும்போது இமேஜைத் திரும்பக் கட்ட நேரம் இல்லை.

கடைக்கு அதிகமாக வரும் புகார் வேறு. "32 ஜிபி பென் டிரைவ்ண்ணே, இப்ப வெறும் 4 எம்பிதான் காட்டுது, டூப்ளிகேட் கொடுத்துட்டானா?" மேலூர், வாடிப்பட்டி, எங்கிருந்து வந்தாலும் இதே கேள்வி. பெரும்பாலும் அது டூப்ளிகேட் இல்லை. விண்டோஸ் டேபிளைப் படித்து, தனக்குப் புரியும் ஒரே பகுதியான அந்தக் குட்டி ஃபேட் பார்ட்டிஷனை மட்டும் காட்டுகிறது. அதை ஃபார்மட் செய்தால் அந்த 4 எம்பிதான் ஃபார்மட் ஆகும், 32 ஜிபி திரும்பாது. விண்டோஸிலேயே டிஸ்க்பார்ட் திறந்து, டிஸ்க் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, கிளீன் கொடுத்து, புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தால் போதும். டிஸ்க் எண் தப்பினால் வீட்டு ஹார்ட் டிஸ்க் போய்விடும், அவசரத்தில் செய்யாதீர்கள்.

லினக்ஸில் இதற்கு வைப்எஃப்எஸ் நல்ல கருவி. எந்த ஆப்ஷனும் இல்லாமல் டிஸ்க் பெயரை மட்டும் கொடுத்தால் எதையும் அழிக்காமல், எந்தெந்த இடத்தில் எந்தெந்த முத்திரை இருக்கிறது என்று பட்டியல் காட்டும். 510ஆவது பைட்டில் எம்பிஆர், 512இல் ஜிபிடி, 32,769இல் ஐஎஸ்ஓ. ஹைப்ரிட் இமேஜைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய பாடம் இல்லை. புதிதாகப் பார்ட்டிஷன் மட்டும் போட்டுவிட்டு பழைய ஐஎஸ்ஓ முத்திரையை அழிக்காமல் விட்டால், அது 32 கேபி தள்ளி உயிரோடு இருந்து, ஜிபார்ட்டெட் மொத்த டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ 9660 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எல்லா முத்திரையையும் அழிக்கும் ஆப்ஷனைக் கொடுத்து வைப்எஃப்எஸ்ஸை ஓட்டிவிட்டு, அப்புறம் புது டேபிள் போடுங்கள்.

இமேஜ் எழுதின பென் டிரைவில் மீதி இடத்தை என்ன செய்வது? 3 ஜிபி இமேஜ், 32 ஜிபி பென் டிரைவ், 29 ஜிபி சும்மா கிடக்கிறது. அதில் ஒரு பார்ட்டிஷன் போட்டு லைவ் சிஸ்டத்தின் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) மாற்றங்களைச் சேமிக்கலாம், டெபியன் லைவில் அதற்கு பெர்சிஸ்டன்ஸ் என்று லேபிள் வைத்து, உள்ளே பெர்சிஸ்டன்ஸ் கான்ஃப் என்ற ஃபைலும் எழுத வேண்டும். எம்பிஆர் வகை என்றால் எஃப்டிஸ்க்கில் மூன்றாவது வரியைச் சேர்த்தால் போதும், ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தொடக்க செக்டார் இமேஜ் முடிந்த பிறகுதானா என்று உங்கள் கண்ணால் பாருங்கள், கருவி சொல்லும் எண்ணை அப்படியே என்டர் அடிக்க வேண்டாம். இன்னொன்று, எஃப்டிஸ்க் திறந்ததும் இந்த டிஸ்க்கில் ஐஎஸ்ஓ முத்திரை இருக்கிறது, எழுதும்போது அது அழிக்கப்படலாம் என்று எச்சரிக்கும். அந்த முத்திரை போனால் லைவ் சிஸ்டமே போனது போல்தான். வைப் ஆப்ஷனை நெவர் என்று கொடுத்துத் திறந்தால் தொடாது.

ஜிபிடி வகையில் கூடுதல் சிக்கல். ஜிபிடி தன் தலைப்பிலேயே பேக்கப் எந்த செக்டாரில் இருக்கிறது, பயன்படுத்தக்கூடிய கடைசி செக்டார் எது என்று எழுதி வைத்திருக்கும். இமேஜ் தயாரித்தவருக்கு உங்கள் பென் டிரைவின் அளவு தெரியாது, அதனால் இமேஜ் முடியும் இடத்தையே டிஸ்க்கின் முடிவாக எழுதியிருப்பார். பேக்கப் கடைசியில் இல்லை என்று கருவி சொல்வது இதைத்தான். பூட் செய்ய மட்டும் என்றால் அந்தச் செய்தியை விட்டுவிடுங்கள். மீதி இடத்தில் பார்ட்டிஷன் வேண்டும் என்றால் பேக்கப்பை உண்மையான கடைசிக்கு நகர்த்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இடமே இல்லை என்று சொல்லும். அதற்கு முன்னால் பென் டிரைவின் முதல் 1 எம்பியை டிடி என்ற நகல் எடுக்கும் கருவியால் ஒரு ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். கருவி ஜிபிடியோடு எம்பிஆரையும் திருத்திவிட்டால், பழைய ஆக்டிவ் வரியை அதிலிருந்து பார்த்து மீட்டுக்கொள்ளலாம்.

எழுதும் வேலையிலும் ஒரு வார்த்தை. இமேஜை டிஸ்க் மேல் எழுத வேண்டும், பார்ட்டிஷன் மேல் இல்லை. எஸ்டிபி என்பது டிஸ்க், எஸ்டிபி1 என்பது பார்ட்டிஷன். பார்ட்டிஷன் மேல் எழுதினால் எம்பிஆர் போய்ச் சேர வேண்டிய முதல் செக்டாருக்குப் போகாது, பயாஸுக்கு எதுவும் தெரியாது. எழுதி முடித்து சரிபார்க்கும்போது இமேஜின் அளவுக்கு மட்டும் ஒப்பிடுங்கள், மொத்த பென் டிரைவின் செக்சம் (நகல் மாறாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) எப்படியும் ஒத்துவராது. விண்டோஸில் ஒருமுறை சொருகிவிட்டால் அந்த ஃபேட் பகுதியில் அது தன் ஃபோல்டரை எழுதிவிடக்கூடும், அதற்குப் பிறகு பைட்டுக்கு பைட் ஒப்பீடு தோற்றால் டவுன்லோட் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், விண்டோஸ் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ ஹைப்ரிட் கிடையாது, அதை டிடியால் எழுதினால் பூட் ஆகாது. அதற்கு ருஃபஸ், வென்டாய் மாதிரி கருவிகள்தான் சரி. ருஃபஸ், ஹைப்ரிட் இமேஜைப் பார்த்தால் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். டிடி முறையில் மேலே சொன்ன டேபிள்கள் அப்படியே போய் உட்காரும். ஐஎஸ்ஓ முறையில் ருஃபஸ் தானே புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு ஃபைல்களை நகல் எடுக்கும், பென் டிரைவை விண்டோஸிலும் ஃபைல் வைக்கப் பயன்படுத்துபவர்களுக்கு அது வசதி.

பள்ளிக்குத் திரும்பப் போனபோது டீச்சர் தமிழ்99 கீபோர்டு லைவ் சிஸ்டத்திலேயே வர வேண்டும் என்று கேட்டார். அதற்கு இமேஜைப் பிரித்து மாற்றித் திரும்பக் கட்ட வேண்டும். ஃபைல்களை வெளியே எடுத்து வெறும் ஐஎஸ்ஓவாகக் கட்டினால் முதல் 32 கேபி காலியாகிவிடும், சிடியில் பூட் ஆகும், பென் டிரைவில் ஆகாது. எக்ஸோரிசோவில் பழைய இமேஜை உள்ளீடாகவும் புதியதை வெளியீடாகவும் கொடுத்து, பூட் இமேஜ் எனி ரீப்ளே என்று சேர்த்தால், பழைய இமேஜின் பூட் அமைப்பையும் டேபிள்களையும் படித்து புதிய இமேஜில் அதே மாதிரி போட்டுவிடும். கட்டி முடித்ததும் பழையது, புதியது இரண்டுக்கும் சிஸ்டம் ஏரியா (அந்த முதல் 32 கேபி) அறிக்கை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டேன். அளவு எண்கள்தான் மாறியிருந்தன, வகை எண்களும் அந்த 80ம் அப்படியே இருந்தன. அதன் பிறகுதான் பென் டிரைவில் எழுதினேன், முரண்டுபிடித்த அந்த டெஸ்க்டாப்களில்தான் முதலில் போட்டுப் பார்த்தோம்.